டிரெட்நாட்டை கிராஃப் தாளில் வரைந்து அரியரை முடித்தேன்

நேவல் ஆர்க்கிடெக்சர் படித்தபோது எனக்கு விழுந்த ஒரே அரியர் கப்பல் வடிவமைப்பு வரலாறு. அதைக் 'கதைப் பேப்பர்' என்போம். அந்த மிதப்பில்தான் வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கும் போனேன். பிரிட்டனின் டிரெட்நாட் போர்க்கப்பல் பற்றிக் கேட்டார்கள். 1906, 12 அங்குலக் குழல்வாய்ப் பீரங்கி 10, வேகம் 21 நாட் (மணிக்கு 21 கடல் மைல்), கவசம் 11 அங்குலம் என்று கடகடவென ஒப்பித்தேன்.

"சரிப்பா, முந்தைய டிசைன் லார்ட் நெல்சன்ல 12 அங்குலம் 4, 9.2 அங்குலம் 10 இருந்துச்சே. அந்த 9.2-ஐ ஏன் தூக்கிட்டாங்க?"

"பெரிய பீரங்கிக்கு பலம் அதிகம் சார்" என்றேன். அவ்வளவுதான், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

பதில் ஒன்றும் கஷ்டமில்லை. குண்டு கடலில் விழுந்ததும் எழும்பும் நீர்த்தூணைப் பார்த்துத்தான் குறியைத் திருத்துவார்கள். இரண்டு அளவுக் குண்டுகளும் கலந்து விழுந்தால், எந்தத் தண்ணீர் எந்தப் பீரங்கியால் எழும்பியது என்று தூரத்திலிருந்து பிரித்தறிய முடியாது. டார்பிடோவுக்குப் பயந்து சண்டைத் தூரமும் கூடிக்கொண்டே போன காலம் அது. எல்லாம் ஒரே அளவு என்றால் திருத்தும் கணக்கும் ஒன்றே.

இரண்டாம் முறை நோட்ஸை மூடிவைத்துவிட்டு கிராஃப் தாளை எடுத்தேன். கப்பல் சுமார் 160 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம். மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்று போட்டால் பேனா நீளத்துக்கு ஒரு கப்பல் கிடைக்கும். அதில் பீரங்கிக் கூண்டுகளை வட்டங்களாக வைத்தேன்: முன்னால் 1, பின்னால் நடுக்கோட்டில் 2, இரு பக்கமும் ஒவ்வொன்று. கூண்டுக்கு இரண்டு பீரங்கி. ஒரு பக்கமாகச் சுட்டால் எதிர்ப்பக்கக் கூண்டு சும்மா நிற்கும். ஆக 10-ல் 8.

அடுத்து ஜெர்மனியின் நாசாவ். அதில் 12 பீரங்கி, ஆனால் பக்கத்துக்கு 4 ஓரத்தில் மாட்டிக்கொள்வதால் அங்கேயும் 8தான். அமெரிக்காவின் சவுத் கரோலினாவில் இருப்பதே 8. கூண்டுக்குப் பின்னால் இன்னொரு கூண்டை உயர்த்தி, எல்லாவற்றையும் நடுக்கோட்டில் வைத்ததால் எட்டும் சுடும். அந்த நாட்டு நாடாளுமன்றம் 16,000 டன்னுக்கு மேல் கூடாது என்று கட்டிப்போட்டதில் பிறந்த சிக்கனம் அது. மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அந்த ராத்திரிதான் இந்தப் பாடம் எனக்குப் பிடித்தது.

எஞ்சினையும் இதே படத்தில் வைத்துப் படியுங்கள். நாசாவின் பிஸ்டன் எஞ்சின்கள் கப்பலின் நடுவை அடைத்துக்கொண்டதும் கூண்டுகள் ஓரம் போனதற்கு ஒரு காரணம். டிரெட்நாட்டில் பிஸ்டனுக்குப் பதில் பார்சன்ஸ் நீராவி டர்பைன். சவுத் கரோலினா பிஸ்டனிலேயே நின்றது, வேகம் 18.5 நாட்தான். டிரெட்நாட்டின் தேதிகளுக்கு ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். 1905 அக்டோபரில் அடித்தளம், 1906 பிப்ரவரியில் நீரில் இறக்கம், டிசம்பரில் சேவை, அது போதும்.

மறுபடி வைவா. போர்டில் வரைந்து காட்டினேன். அவர் முன் புகைபோக்கிக்குப் பின்னால் இருந்த முக்காலிக் கம்பத்தைத் தொட்டு, "என்னப்பா, இது இடம் மாறிப்போச்சா?" என்றார்.

"இல்ல சார், அப்படித்தான் கட்டினாங்க. படகு தூக்குற டெரிக்கைத் தாங்க அங்க வேண்டியிருந்துச்சு. மேல உட்கார்ந்து குறி பார்க்கறவருக்குத்தான் புகையும் வெக்கையும்."

சிரித்துவிட்டு, "சரி, இன்வின்சிபிளுக்கு வா" என்றார். போர்டை அழித்துவிட்டு அடுத்த கப்பலை வரைய ஆரம்பித்தேன்: 25 நாட், கவசம் வெறும் 6 அங்குலம்.