மூலையோடு மூலை

ஜூன் 3
ஆஸ்பத்திரியில் அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் தூக்கம் வரவில்லை. மருந்து பில்லில் ஒரு கப்பல் செய்தேன். கத்திக்கப்பல் எப்படி என்று மறந்தே போய்விட்டது.

ஜூன் 4
தம்பி ஒரு வீடியோ அனுப்பினான், காகிதத்தில் மடிக்கிற ஜப்பான் கொக்கு. ஓரிகாமி என்று பேர். ‘ஓரி’ என்றால் மடிப்பது, ‘காமி’ என்றால் காகிதமாம். ஒரே சதுரத் தாள், வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. எதிரே ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாள் பத்து வாங்கி வந்தேன், மூலைவாக்கில் மடித்து மிஞ்சிய பட்டையைக் கிழித்தால் 21 சென்டிமீட்டர் சதுரம் கிடைக்கிறது. நான்கு மூலையையும் கூட்டிச் சின்னச் சதுரமாக்குவது வரை வந்துவிட்டது. அடுத்ததில்தான் மாட்டிக்கொண்டேன். மேல் மடலை மட்டும் தூக்கி நீளமாகத் திறக்க வேண்டும், அப்போது இரண்டு ஓரமும் உள்ளே விழுந்து இதழ் மாதிரி படிய வேண்டும். எனக்குப் படியவில்லை, திரும்பத் திரும்பக் கிழிந்தது. அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஜூன் 5
ஸ்கேன் நாளைக்குத் தள்ளிவிட்டார்கள்.

ஜூன் 6
ஸ்கேன் இன்றும் இல்லை. யாரிடம் கேட்டாலும் சாயங்காலம் என்கிறார்கள், எந்தச் சாயங்காலம் என்று சொல்வதில்லை.

படத்தைப் பார்த்து மடிக்கக் கற்றுக்கொண்டேன். விட்டு விட்டு வரும் கோடு என்றால் நம் பக்கமாக மடி, அது பள்ளம். நடுநடுவே புள்ளி வந்தால் பின்பக்கமாக, அது மேடு. அகிரா யோஷிசாவா என்பவர் உண்டாக்கிய முறை. தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், அங்கே புதிதாக வந்தவர்களுக்கு வடிவியல் புரிய வைக்கக் காகிதம் மடித்துக் காட்டியிருக்கிறார். அப்புறம் வேலையை விட்டுவிட்டு, வீடு வீடாகத் தொடுகறி விற்று வயிற்றைக் கழுவிக்கொண்டு இதையே செய்திருக்கிறார். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டார் என்றுதான் நினைக்கிறேன், கண்ணை மூடவில்லை.

ஜூன் 7
பக்கத்துக் கட்டில் அக்கா, ஆயிரம் கொக்கு மடித்தால் நினைத்தது நடக்கும், மடி மடி என்கிறார். அந்தக் கதை எனக்குத் தெரியும். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது சடாகோ என்ற சிறுமிக்கு 2 வயது. 1955 அக்டோபரில், 12 வயதில், ரத்தப் புற்றுநோயில் போய்விட்டாள். மருந்து சுற்றி வந்த காகிதத்தைக்கூடக் கொக்காக மடித்திருக்கிறாள். அந்தக் காகிதம் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும், எத்தனை சின்ன விரல் வேண்டும் அதற்கு என்று ராத்திரி முழுக்க அதே யோசனை. நான் எண்ண மாட்டேன். எத்தனை மடித்தேன் என்று யாரும் கேட்க வேண்டாம்.

ஜூன் 8
முழுக் கொக்கு! கழுத்து ஒரு பக்கம் சாய்கிறது, ஒரு சிறகு பெரிது. முதல் மடிப்பில் ஒரு மில்லிமீட்டர் விலகினால் போதும், அலகுக்கு வரும்போது அது எங்கேயோ கொண்டுபோய் விடுகிறது. ஜவுளிக்கடையில் புதுப் பையன்களுக்கு அப்பா சொல்வார்: ‘விளிம்பைத் துரத்தாதே, மூலையைப் பிடி, விளிம்பு தானா வரும்.’ எத்தனை புடவை மடித்த கை.

இன்று இடது விரலால் தாளின் மூலையை இரண்டு தடவை தட்டினார்.

இரண்டு தடவை. நான் பார்த்தேன்.

ஜூன் 9
ஸ்கேன் முடிந்தது. ரிப்போர்ட் வரவில்லை. எதையும் மடிக்கவில்லை.

ஜூன் 10
அப்பாவின் வலது கையைத் தூக்கித் தாளின் மேல் வைத்தேன், பாரத்துக்கு. தாள் நகரவே இல்லை. நான் மூலையை மூலையோடு சேர்க்க, அவர் இடது கைக் கட்டைவிரல் நகத்தால் மடிப்பை நீவினார், புடவைக்கு நீவுவாரே அதே மாதிரி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக. பாதி தூரம்தான் போக முடிந்தது, மீதியை நான் நீவினேன். இதழ் ஒரே தடவையில் படிந்தது. கழுத்தைத் தூக்குவதற்குள் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துவிட்டார், எல்லாவற்றையும் தலையணைக்கு அடியில் வைத்தேன். அலகு இன்னும் மடிக்கவில்லை.

ஜூன் 11
ஆறரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். சதுரம் நான்கு கிழித்து வைத்திருக்கிறேன்.