கோடு நிற்கும் இடம்

பழைய நிலநடுக்கங்களை ஆராய்கிறேன் என்று சொன்னால், திரையில் அலைகள் ஓடும் ஓர் அறையைத்தான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். என் வேலைநாட்களில் பாதி, ஆளை விழுங்கும் ஆழமுள்ள பள்ளத்துக்குள், கையில் கரணையோடு மண்சுவரைப் பார்த்தபடி கழிகிறது.

நிலம் உடைந்து நகர்கிற பிளவுக்கோட்டுக்குக் குறுக்கே பொக்லைனை விட்டு வெட்டுவோம். சுவர் சரியாமல் முட்டுக் கொடுத்த பிறகுதான் உள்ளே இறங்கலாம். அப்புறம் பொக்லைனின் பற்கள் இழுத்த தடத்தை எல்லாம் கரணையால் சீவ வேண்டும். அதற்கே இரண்டு நாள் போய்விடும். ஆணி அடித்து, நூல் கட்டி, சுவரைக் கட்டங்களாகப் பிரித்து வரைவோம். புகைப்படம் எடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். எடுக்கிறோம். ஆனால் வரையும்போது பென்சில் ஓரிடத்தில் தயங்கும் பாருங்கள், விஷயம் அங்கேதான் இருக்கும்.

வெடிப்பு தெரிந்துவிடும், அது பெரிதில்லை. மேலே அது எந்த அடுக்கோடு நிற்கிறது என்பதுதான் கேள்வி. நிலம் பிளந்த அன்று இருந்த அடுக்குகள் எல்லாம் அறுந்திருக்கும். பிறகு வெள்ளம் கொண்டுவந்து போட்ட வண்டல் அறுபடாமல் மேலே மூடியிருக்கும். அறுந்த கடைசி அடுக்குக்கும் அறுபடாத முதல் அடுக்குக்கும் நடுவில் எங்கோ அந்த நாள் இருக்கிறது.

சேர்ந்த புதிதில் அழகான ஒரு கோட்டைக் கண்டுபிடித்து, ஒரு நிலநடுக்கத்தையே வரைந்துவிட்டேன். மூத்தவர் பார்த்தார். "இன்னும் ரெண்டு விரல் ஆழம் சீவிப் பாரேன்" என்றார். சீவினேன். கோடு வளைந்து, வட்டமாகி, காணாமல் போனது. என்றோ மக்கிப்போன வேரின் வழி அது. ரப்பரை எடுத்தேன்.

அடுக்கின் வயதைக் கணிக்க எடுக்கும் கரித்துண்டும் ஏமாற்றும். ரேடியோ கார்பன் சொல்வது அந்த மரத்திசு வளர்ந்த காலத்தை; அது அடித்து வரப்பட்டு இந்த அடுக்கில் வந்து விழுந்த காலத்தை அல்ல. இடையில் சில நூறு ஆண்டுகள் ஓடியிருக்கலாம்.

இந்தத் துறையில் எல்லோரும் படிக்கிற இடம், கலிபோர்னியாவில் சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் மீதுள்ள பாலெட் கிரீக். கெர்ரி சீ என்ற நிலவியலாளர் அங்கே மக்கிய தாவர அடுக்குகளுக்கு நடுவே பழைய நிலநடுக்கங்களை வரிசையாகப் படித்து 1978இல் வெளியிட்டார். கடைசியாக அங்கே பிளந்தது 1857இல். பின்னர் காலக்கணிப்பைத் துல்லியமாக்கியபோது சராசரி இடைவெளி சுமார் 132 ஆண்டுகள் என்று வந்தது. ஆனால் நிலநடுக்கங்கள் இரண்டு மூன்றாகக் கூடி வந்து, பிறகு 200, 300 ஆண்டுகள் அமைதியாக இருந்திருந்தன. சராசரி சரிதான், நிலம்தான் அதன்படி நடக்கவில்லை. நியூசிலாந்தின் ஆல்பைன் பிளவு வேறு ரகம்: 8,000 ஆண்டுகளில் 24 நிலநடுக்கங்கள், சுமார் 330 ஆண்டுக்கு ஒன்று, ஓரளவு ஒழுங்காகவே. கடைசியாகப் பிளந்தது 1717இல்.

அணைக்கும் குழாய்ப்பாதைக்கும் திட்டம் போடுகிற பொறியாளர்களுக்கு இதெல்லாம் ஓர் எண்ணாக வேண்டும். "கடைசியா எப்போ சார்?" என்பார்கள். இந்த ஆண்டிலிருந்து அந்த ஆண்டுக்குள் என்று ஒரு வீச்சைச் சொன்னால் முகம் வாடும். அவர்களைக் குறை சொல்ல முடியாது, வீச்சை வைத்துக் கம்பி கட்ட முடியாதே. ஆனால் நடுவில் உள்ள ஆண்டை மட்டும் எடுத்து எழுதிக்கொள்ளும்போது எனக்குப் பள்ளத்தின் ஞாபகம் வரும். சந்தேகமான இடங்களில் நாங்கள் விட்டுவிட்டுக் கோடு போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைப்போம். அந்தக் கேள்விக்குறி அட்டவணை வரை வந்து சேர்வதில்லை.

போன முறை நாலாவது கட்டத்தில் அப்படி ஒன்று வைத்தேன். கோடு மேல் வண்டலுக்குள் நுழைகிறது என்று நான். தொட்டுவிட்டு நின்றுவிடுகிறது என்று மூத்தவர். நான் சொல்வது சரியென்றால் இன்னொரு நிலநடுக்கம் கணக்கில் சேரும். பேசி முடிப்பதற்குள் பள்ளத்தை மூடவேண்டிய நாள் வந்துவிட்டது. மண் தள்ளிச் சமப்படுத்தினோம். இன்னும் இரண்டு விரல் சீவியிருக்கலாம்.