மார்வின் மில்லரிடம் கற்ற வேலை

வன்னியில் ஆடைத் தொழிற்சாலைப் பெண்களிடையே தொழிற்சங்க அமைப்பாளராக இறங்கிய புதிதில், அவர்களுக்காகப் பேசுவதே எனது வேலை என்று நம்பியிருந்தேன். ஒரு நாள் விடுப்பு எடுத்தாலே அந்த மாத வருகைக் கொடுப்பனவு முழுவதும் வெட்டப்படுவதாக ஒரு தொழிற்சாலைப் பிள்ளைகள் சொன்னதும், தனியே போய் முகாமையாளருடன் கதைத்து, வாய்மொழியாக ஒரு வாக்குறுதி பெற்று வந்தேன். இரண்டு மாதம் வெட்டு நின்றது. மூன்றாம் மாதம் திரும்பி வந்தது. கேட்கப் போனபோது அந்த முகாமையாளர் மாற்றலாகிப் போயிருந்தார். "நீங்கள் என்ன கதைச்சனீங்கள் எண்டே எங்களுக்குத் தெரியாது அண்ணை" என்று ஒரு தங்கச்சி சொன்னது நெடுநாள் மனதை அறுத்தது.

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்போல் வீரர்களின் சங்கத்தை 1966 முதல் 1982 வரை நடத்திய மார்வின் மில்லரைப் பற்றி நான் வாசித்தது அந்த நாட்களில்தான். அவர் வீரர் அல்லர். உருக்குத் தொழிலாளர் சங்கத்தில் பொருளியலாளராக இருந்தவர். தையல் இயந்திரத்தின் முன் ஒரு நாளும் இருந்தறியாத எனக்கு அதுவே முதல் நெருக்கமாயிற்று. தொழிற்சங்கக்காரர் என்றாலே ஐயத்துடன் பார்த்த வீரர்களை அவர் பயிற்சி முகாம் முகாமாகத் தேடிச் சென்று சந்தித்தார். சங்கத்தை நடத்த அவரை ஏற்பதா என்று வீரர்கள் வாக்களித்தபோது, 489 வாக்குகள் ஆதரவாகவும் 136 எதிராகவும் விழுந்தன. 1968இல் கைச்சாத்தான முதல் கூட்டு ஒப்பந்தம், 6,000 டொலராக இருந்த குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளத்தை 10,000 டொலராக்கியது.

ஆனாலும் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது 1972ஆம் ஆண்டு வேலைநிறுத்தமே. பிரச்சினை ஓய்வூதிய நிதி பற்றியது. கையில் வேலைநிறுத்த நிதி இல்லையே என்று மில்லர் தயங்கியபோது, அணிகளின் பிரதிநிதிகள்தாம் பின்வாங்குவதில்லை என்று முடிவெடுத்தார்கள். 13 நாட்களில் உரிமையாளர்கள் ஓய்வூதிய நிதிக்கு மேலதிகமாக 500,000 டொலர் தர இணங்கினார்கள். தலைவரைவிட உறுப்பினர் உறுதியாக நிற்கும் நிலைக்கு ஒரு சங்கத்தை ஆறு ஆண்டுகளில் வளர்த்ததைத்தான் அவருடைய பெரிய சாதனையாக நான் கருதுகிறேன்.

வீரர்களின் ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருந்தது: வீரர் கையொப்பமிடாவிட்டால் கழகம் ஒப்பந்தத்தை ஓர் ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். புதுப்பிக்கும்போது அந்த வாசகமும் சேர்ந்தே புதுப்பிக்கப்படுகிறது என்று சொல்லி, உரிமையாளர்கள் வீரரை ஆயுள் முழுக்கக் கட்டிவைத்தார்கள். ஓர் ஆண்டு என்றால் ஓர் ஆண்டுதான் என்று வாசித்தார் மில்லர். மெசர்ஸ்மித், மக்நாலி என்ற இரு பந்துவீச்சாளர்கள் கையொப்பமிடாமலே 1975 பருவத்தைத் தொடங்கினார்கள். அவ்வாண்டு டிசம்பர் 23ஆம் திகதி இந்த ஒப்பந்தப் பிணக்கை விசாரித்த நடுவர் பீற்றர் சைற்ஸ், வீரர்கள் பக்கம் தீர்ப்பளித்தார்.

நானும் வாசிப்பிலிருந்தே மீண்டும் வேலையைத் தொடங்கினேன். ஞாயிறு மாலைகளில் ஓர் அக்காவின் வீட்டு முற்றத்தில் பாய் விரித்து, ஆளுக்கொரு சம்பளச் சீட்டுடன் அமர்ந்தோம். ஊழியர் சேமலாப நிதிக்குத் தங்களிடமிருந்து 8 வீதம் கழிவது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தொழில் வழங்குநர் 12 வீதம் போடவேண்டும் என்பது பலருக்குப் புதிதாக இருந்தது. நியமனக் கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழில் எழுதி முடிக்க மூன்று ஞாயிறுகள் பிடித்தன. கொடுப்பனவு முழுவதையும் வெட்டலாம் என்று அதில் எங்குமே இல்லை என்பதைக் கண்டுபிடித்தவர், அந்த வீட்டுக்கார அக்கா.

இம்முறை அலுவலகத்துக்குள் அவர்கள் நால்வர் போனார்கள். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். ஒன்றரை மணித்தியாலம் கழித்து, வராத நாளுக்கு மட்டுமே வெட்டு என்று கையொப்பத்துடன் எழுதி வாங்கிய தாளுடன் வந்தார்கள். அதை என்னிடம் தரவில்லை. "எல்லாருக்கும் ஒவ்வொரு பிரதி வேணும் அண்ணை" என்று சொல்லிவிட்டு, நேரே சந்திக் கடைக்குப் போட்டோக்கொப்பி எடுக்கப் போனார்கள்.