குலுக்கல் சீட்டும் கொஞ்சம் கணக்கும்

20 பேர் சேர்ந்த குலுக்கல் சீட்டில் ஒருமுறை பெயர் விழுந்தவரை அடுத்த மாதம் டப்பாவில் போடமாட்டார்கள். நிகழ்தகவுப் பாடத்தில் "திரும்ப வைக்காமல் எடுத்தல்" என்பது இதுதான், ஆனால் பாடப்புத்தகம் என்னவோ சிவப்புப் பந்து, நீலப் பந்தை விட்டு நகராது.

முதல் மாதம் உங்கள் வாய்ப்பு 1/20. அதில் விழவில்லை என்றால் இரண்டாம் மாதம் 1/19, அப்புறம் 1/18. அப்படியானால் முதல் மாதத்தைவிட இரண்டாம் மாதம்தான் நமக்கு விழ அதிக வாய்ப்பா? இல்லை. முதலில் தப்பி அடுத்ததில் விழவேண்டும், அதாவது 19/20 × 1/19, மேலும் கீழும் 19 அடிபட்டு மறுபடி அதே 1/20! எந்த மாதத்துக்குப் போட்டாலும் இதேதான், கடைசி மாதம் உட்பட.

முதல் ஐந்து மாதமும் விழாமல் போக 19/20 × 18/19 என்று 15/16 வரை பெருக்கினால் நடுவில் எல்லாம் அடிபட்டு 15/20, அதாவது முக்கால்வாசி. ஆக, "எனக்கு மட்டும் விழவே மாட்டேங்குது" என்று ஐந்தாம் மாதம் புலம்புபவர்கள்தான் பெரும்பான்மை. சரி, சீட்டு நடத்தும் அக்காவுக்கும் அவர் தங்கைக்கும் முதல் இரண்டு மாதமும் விழுந்தால்? 2/20 × 1/19, 190-இல் ஒன்று. நடக்காதது இல்லை, ஆனாலும் டப்பாவை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.