மகரகம வரை

ஜனவரி 11

மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகும் நோயாளிகளுக்காக, எங்கள் அலுவலகம் பதுளையிலிருந்து அங்கே சைக்கிளில் போய்ப் பணம் சேர்க்கப்போகிறது. மேலாளர் சுவரில் வரைபடம் ஒட்டிவிட்டார். பதுளை, வெலிமடை, நுவரெலியா, ஹட்டன், அவிசாவளை, மகரகம. சிவப்புப் பேனாவால் ஒரே இழுப்பில் கோடு போட்டார். அந்தப் படத்தில் மலை தெரியாது. அதனால்தான் எல்லோரும் கைதட்டினார்கள்.

ஜனவரி 15

பொங்கல். மகரகமவில் சிகிச்சையில் இருக்கும் அக்கா தொலைபேசியை எடுக்கவில்லை.

ஜனவரி 18

ஹாலிஎல தாண்டி வெலிமடை வீதியில் பயிற்சி. காசாளர் அண்ணன் ஒரு பாலத்தருகே சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, காலையில் தின்ற ரொட்டியையும் கட்டைச்சம்பலையும் ஓடைக்குக் கொடுத்தார். புதிதாகச் சேர்ந்த தம்பியோ மேலே போய்விட்டு, எங்களைத் தேடி இறங்கி வந்து, மறுபடியும் ஏறினான். அவனைத் திட்டுவதற்கும் எனக்கு மூச்சில்லை.

பதுளை கடல் மட்டத்திலிருந்து 680 மீற்றர். நுவரெலியா 1,868. ஏறக்குறைய 1,200 மீற்றர் ஏறவேண்டும் என்று தாளில் கணக்குப் போட்டால் அது பொய்க்கணக்கு. இந்த வீதி நேர்மையாக ஏறாது. ஏற்றிவிட்டுத் தன் பாட்டில் இறக்கும். இறக்கியதை மறுபடியும் நம்மிடமே வசூலிக்கும்.

ஆனாலும் ஏற்றத்துக்கு நான் பயப்படவில்லை. இறக்கம்தான்.

ஜனவரி 24

சட்டைகள் வந்துவிட்டன. முதுகு முழுக்க அலுவலகத்தின் பெயர். எதற்காக ஓடுகிறோம் என்பது இடது கையின் ஓரத்தில், எறும்பு வாசிக்கும் அளவில்.

ஜனவரி 29

தூக்கம் இல்லை. சட்டைக்கான பில்லைக் காசாளர் அண்ணன் காட்டினார். பார்த்திருக்கக் கூடாது.

வைத்தியசாலையில் சிகிச்சைக்குப் பணம் வாங்குவதில்லை. அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் கதிர்ச் சிகிச்சை என்றால் வாரத்தில் ஐந்து நாட்கள், அதுவும் பல வாரங்கள். பதுளையிலிருந்து தினமும் போய்வர முடியுமா? இரவுத் தபால் ரயிலில் ஏறினால் கொழும்புக் கோட்டைக்குப் போய்ச் சேர விடிந்துவிடும். அதன் பிறகு பஸ். கூட ஒருவர் போகவேண்டும். அவர் தங்க அறை வேண்டும், சாப்பிட வேண்டும், அத்தனை நாளும் அவருக்குச் சம்பளம் கிடையாது. தேயிலைத் தோட்டத்தில் பெயர் போட்டால்தானே கூலி? எத்தனை பேர் பாதியிலேயே சிகிச்சையை விட்டுவிட்டு தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுகிறார்கள் என்று அக்காதான் சொன்னார், தன் கதையைச் சொல்லாமல் பக்கத்துக் கட்டில்காரியின் கதையைச் சொல்வதுபோல.

நாங்கள் சேர்ப்பது அந்த அறை வாடகைக்கும் பயணச் செலவுக்கும்தான். அந்தப் பில்லின் தொகையில் ஒருவருக்கு எத்தனை நாள் அறை கிடைக்கும் என்று தலை கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது.

பெப்ரவரி 3

தம்பி பிரேக் பற்றிப் பாடம் எடுத்தான். வளைவுக்குள் போய்ப் பிடிக்கக் கூடாது. அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் விட்டுவிட வேண்டும். நீண்ட இறக்கத்தில் பிடித்தபடியே போனால் சில்லின் விளிம்பு சூடேறி ரியூப் வெடிக்கும். என்னுடையது பழைய சைக்கிள், விளிம்பை அழுத்தும் பிரேக்.

ஏன் சொன்னான்?

பெப்ரவரி 7

மேலாளரின் புதிய யோசனை: மகரகம வாசலில் அக்காவை நிறுத்தி, கதவளவு அட்டைக் காசோலையைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பது. "நம்முடைய ஆள் என்பதால் உருக்கமாக இருக்கும்" என்றார். தலைமுடி கொட்டியிருக்கும், முக்காடு போட்டுக்கொள்ளச் சொல்லலாமா வேண்டாமா என்றுகூட ஆலோசனை நடந்தது. நான் எழுந்து போய்க் குழாயடியில் நின்றேன்.

பெப்ரவரி 8

அக்கா எடுக்கவில்லை.

பெப்ரவரி 14

அக்காவின் மகன் பேசினான். "அம்மா நன்றாக இருக்கிறார், மாமி. படம் எடுப்பது பற்றிக் கேள்விப்பட்டார்" என்றான். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

பெப்ரவரி 20, நுவரெலியா

வந்துவிட்டோம். தொடை என்னுடையதில்லை.

கெப்பெட்டிபொலவில் மரக்கறி லொறிகள் வீதியை அடைத்து நின்றன. ஒரு சாரதி சன்னல் வழியாக இரண்டு கரட்டை நீட்டினார், கழுவாதவை. அப்படியே கடித்தேன். ஹக்கலவுக்குக் கீழே கியரும் முடிந்து, பெருமையும் முடிந்து, இறங்கித் தள்ளினேன். காசாளர் அண்ணன் தள்ளவில்லை! பாலத்தருகே வாந்தி எடுத்த அதே மனிதர். சீதா எலிய அம்மன் கோவில் முன் செருப்பைக் கழற்றிவிட்டு, வேர்த்துக் கொட்டக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

இப்போது குளிர் எலும்பைத் தேடுகிறது. சித்தாலேப தைலத்தின் வாசனையில் அறையே மூழ்கிவிட்டது. நாளை இறக்கம்.

பெப்ரவரி 21, ஹட்டன்

நானுஓயாவிலிருந்து தலவாக்கலை வரை விரல்கள் மரத்துப்போயின. முன்னால் பிடி, விடு, பின்னால் பிடி, விடு. ஒவ்வொரு வளைவிலும் பஸ்காரன் ஹோர்ன் அடித்தபடி நம் பாதியையும் எடுத்துக்கொள்கிறான். ஓரிடத்தில் நிறுத்தி விளிம்பைத் தொட்டேன், சுட்டது. சென் கிளேயர் நீர்வீழ்ச்சி வலப்பக்கமோ இடப்பக்கமோ, சத்தியமாகத் தெரியாது. நான் பார்த்ததெல்லாம் தாரும் வெள்ளைக் கோடும்.

ஹட்டனில் சிவனொளிபாத மலைக்குப் போகும் கூட்டம். பஸ் நிலையத்தடியில் உண்டியலோடு நின்றோம். யாத்திரை போகிறவர்கள் யோசிக்காமல் போடுகிறார்கள். மேலாளரின் ஒலிபெருக்கி மட்டும் இல்லாதிருந்தால் இன்னும் போட்டிருப்பார்கள் என்பது என் கட்சி.

பெப்ரவரி 22, கித்துல்கல

ஹட்டன் 1,271 மீற்றர். இந்த ஆற்றங்கரைக்கு வருவதற்குள் ஆயிரத்துக்கும் மேல் இறங்கிவிட்டோம். வட்டவளையில் மழை வராத நாள் உண்டா? வந்தது. நனைந்த விளிம்பில் பிரேக் கட்டை முதலில் வழுக்கும், பிறகுதான் பிடிக்கும். அந்த இடைவெளிக்குள் எனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வங்களும் வந்து போனார்கள். கினிகத்தேனைக்குக் கீழே தம்பி எனக்கு முன்னால் ஓடி, கையை உயர்த்தி உயர்த்தி வளைவுகளைச் சொல்லிக்கொடுத்தான். அவன்மேல் இருந்த கோபம் முழுவதையும் வாபஸ் வாங்குகிறேன்.

இரவு ஏழரைக்கு அக்கா எடுத்தார். எடுத்தார் என்ன, அவரேதான் அழைத்தார். பின்னால் கோட்டை ரயில் நிலையத்தின் அறிவிப்பு.

"இந்த முறைக்குரியது முடிந்துவிட்டது. துண்டு வெட்டிவிட்டார்கள். வீட்டுக்குப் போகிறேன்."

"நாளை நாங்கள் அங்கே வருகிறோமே, அக்கா?"

"தெரியும். அதனால்தான் இன்றைக்கே ரயில் ஏறுகிறேன். பக்கத்துக் கட்டில்காரி அங்கேயேதான் இருக்கிறாள், அவளுக்கு இன்னும் மூன்று வாரம். அறைக் காசை முதலில் அவளுக்குக் கொடுங்கள். படம் எடுக்க வேண்டாம் என்று சொல். எடுத்தே ஆகவேண்டுமென்றால் உங்கள் மேலாளரே காசோலையைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும், அவருக்குத்தான் நல்ல முடி."

இருவரும் சிரித்தோம். அவருக்கு இருமல் வந்தது. ரயில் வந்துவிட்டது என்றார்.

மேலாளரிடம் யார் சொல்வது? காசாளர் அண்ணன் "நான் கணக்கு மட்டும்தான்" என்று போர்வையை இழுத்துக்கொண்டார்.

பெப்ரவரி 23, காலை 4.40

மேலாளரிடம் சொல்லிவிட்டேன். அட்டைக் காசோலையை வேனின் பின்னால் வைக்கச் சொன்னார், வேறு எதுவும் பேசவில்லை. என் முன் டயரில் காற்றில்லை; பம்ப் தம்பியிடம்.