காப்பி இயந்திரமும் ஒரு தரை நிலையமும்

எங்கள் கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) சங்கத்தில் ஒரு தரை நிலையம் இருக்கிறது: சுற்றிப் பறக்கும் விமானங்களின் ரேடியோ செய்திகளைக் கேட்டு, இணைய வரைபடத்துக்கு அனுப்பும் சிறு கருவி. சென்ற மார்ச் மாதத்தில் அது மூன்று வாரங்கள் இயங்காமல் கிடந்தது. அது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. சங்கக் கட்டடத்தின் மாடியில் இருந்த ஒரே பிளக் பாயிண்ட் காப்பி போடும் இயந்திரத்துக்குத் தேவைப்பட்டதால், யாரோ ஒருவர் அதில் செருகியிருந்ததைக் கழற்றிவிட்டார். கழற்றியவர் மேல் எனக்குக் கோபமில்லை, ஏனெனில் அந்தச் சிறிய பச்சை நிறச் சர்க்யூட் போர்டு எதற்காக அங்கே இருக்கிறது என்று எழுதி ஒட்டியிருக்க வேண்டியவன் நான்தான். என்னை உறுத்தியது வேறு: அந்த மூன்று வாரங்களில் செல்பேசியில் வரைபடத்தைத் திறந்து பார்த்த விமானிக்கு எங்கள் ஓடுபாதையைச் சுற்றித் தாழப் பறந்த எதுவும் தெரிந்திருக்காது. நிலையம் செத்துவிட்டது என்று அந்த வரைபடம் அவரிடம் சொல்லியிருக்காது. காலியான வானத்தை மட்டுமே காட்டியிருக்கும்.

நான் தென் ஜெர்மனியில், ஷ்வேபிஷ் ஆல்ப் என்னும் மேட்டுநிலத்தின் ஓரத்தில் வசிக்கிறேன். எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது. ரேடியோ மீதுள்ள ஆசையால் சங்கத்தில் சேர்ந்தவன். இங்குள்ள கிளைடர்களில் பெரும்பாலானவற்றில் ஃபிளார்ம் என்னும் கருவி இருக்கிறது. கிளைடர்கள் நடுவானில் மோதிக்கொள்வதைத் தடுப்பதற்காக ஸ்விட்சர்லாந்தில் உருவாக்கப்பட்டு 2004-இல் விற்பனைக்கு வந்த கருவி இது. தன் இருப்பிடத்தையும் செல்லும் திசையையும் ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை 868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலிபரப்பும். அருகிலுள்ள இன்னொரு ஃபிளார்ம் அதைக் கேட்டு, இருவரின் பாதைகளும் சந்திக்கக்கூடுமா என்று கணக்கிட்டு எச்சரிக்கும். உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய அந்தப் பட்டையில் 25 மில்லிவாட்டுக்கு மேல் அனுப்பக் கூடாது என்பதால், வானத்தில் ஒன்றுக்கொன்று கேட்கும் தூரம் சில கிலோமீட்டர்தான்.

சிக்கல் என்னவென்றால், சிறு விமானங்கள் அனைத்தும் ஒரே மொழியைப் பேசுவதில்லை. எஞ்சின் பொருத்திய விமானங்கள் சில தங்கள் இருப்பிடத்தை 1090 மெகாஹெர்ட்ஸில் ஏடிஎஸ்-பி என்னும் முறையில் அனுப்புகின்றன, பாராகிளைடர்காரர்கள் பலர் ஃபேனெட் என்னும் வேறொரு முறையை வைத்திருக்கிறார்கள், சிலரிடம் எதுவுமே இல்லை. இது போதாதென்று ஃபிளார்மின் ரேடியோ மொழி மறையாக்கம் செய்யப்பட்ட தனியுடைமை. உயிர் காக்கும் கருவியின் மொழியைப் பூட்டி வைப்பது எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை.

ஓப்பன் கிளைடர் நெட்வொர்க் என்ற தன்னார்வலர் வலையமைப்பு இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. எங்கள் நிலையமும் அதைச் சேர்ந்ததுதான். டிஜிட்டல் டிவி பார்ப்பதற்காக விற்கப்பட்ட மலிவான யூஎஸ்பி குச்சிகள் வானொலி அலைகளை உள்ளது உள்ளபடியே கணினிக்குத் தரவல்லவை என்பது 2012 வாக்கில் பரவலாகத் தெரியவந்தது. அப்படிப்பட்ட ஒரு குச்சி, ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவு கணினி, கூரையில் ஒரு ஆன்டெனா, இணைய இணைப்பு, இவ்வளவும் இருந்தால் ஒருவர் தன் ஊர் வானத்தைக் கேட்டு எல்லோருக்கும் கொடுக்க முடியும். செய்திகள் ஏபிஆர்எஸ் என்னும் சிறு செய்தி வடிவத்தில் சர்வர்களுக்குப் போகின்றன. அமெச்சூர் ரேடியோ ஆர்வலரான பாப் புருனிங்கா வேறொரு காரியத்துக்காக உருவாக்கிய வடிவம் அது. ஒரு வரிச் செய்திக்குள் இடம், உயரம், ஏறும் அல்லது இறங்கும் வேகம், திரும்பும் வேகம், சிக்னலின் வலிமை ஆகியவை அடங்கிவிடுகின்றன.

சொல்வதற்கு எளிது. நான் முதலில் வைத்த ஆன்டெனா கூரைக்கு அடியில் இருந்தது. அந்தக் கூரை தகரம். வேறு விளக்கம் தேவையில்லை. பிறகு அதை வெளியே ஏற்றி, மாடியறை வரை பதினைந்து மீட்டர் மெல்லிய கேபிள் இழுத்தேன். அந்த நீளத்தில் சிக்னலின் முக்கால் பங்குக்கு மேல் கேபிளிலேயே கரைந்துவிடும் என்பதைக் காசு செலவழித்த பிறகே கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது பாடம் அலைவரிசை. மலிவான குச்சியில் அலைவரிசையை நிர்ணயிக்கும் படிகம் பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு பிசகியிருந்தால், 868 மெகாஹெர்ட்ஸில் அது 43 கிலோஹெர்ட்ஸ் தவறு. ரிசீவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். இதைச் சரிசெய்ய, துல்லியமாக ஒலிபரப்பும் ஒன்றோடு ஒப்பிட வேண்டும். ஊர்க்கோடியில் நிற்கும் ஜிஎஸ்எம் செல்பேசிக் கோபுரம்தான் அந்த ஒன்று. கோபுரத்தின் அலையைக் கேட்டு, தன் பிழை எவ்வளவு என்று ரிசீவர் தானே அறிந்துகொள்வதைக் கண்ட மாலை எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

நான்காவதாக ஒரு கூத்து. முதல் சனிக்கிழமை வரைபடத்தைத் திறந்தால், ஹேங்கர் வாசலில் நிறுத்தியிருந்த கிளைடர்கள் தரைக்கு மேல் 48 மீட்டர் உயரத்தில் மிதந்துகொண்டிருந்தன. ஜிபிஎஸ் உயரத்துக்கும் கடல்மட்ட உயரத்துக்கும் இங்கே ஏறத்தாழ அவ்வளவு வேறுபாடு உண்டு. அதை எழுத வேண்டிய இடத்தில் நான் பூஜ்யத்தை விட்டுவைத்திருந்தேன்.

இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகு, எங்கள் நிலையம் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் கேட்கிறது என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். பத்து மீட்டர் உயர ஆன்டெனாவுக்கு, ஆயிரம் மீட்டர் உயரத்தில் பறப்பது கணக்குப்படி 140 கிலோமீட்டர் தொலைவு வரை தொடுவானத்துக்கு மேலேயே இருக்கும். அதே விமானம் நூறு மீட்டருக்கு இறங்கிவிட்டால் அந்தத் தூரம் 54 கிலோமீட்டராகச் சுருங்கும், அதுவும் நிலம் தட்டையாக இருந்தால். எங்கள் நிலமோ தட்டையானதல்ல. மேட்டுநிலத்தின் விளிம்பு முன்னேயுள்ள தாழ்நிலத்துக்கு முந்நூறு, நானூறு மீட்டர் சரிந்து இறங்குகிறது, கிளைடர்கள் அந்தச் சரிவை ஒட்டித்தான் மேலெழும் காற்றைத் தேடி ஓடுகின்றன. விளிம்புக்குக் கீழே இறங்கிய கணமே அவை எங்கள் ஆன்டெனாவுக்கு மறைந்துவிடும். தொலைதூரச் சாதனையைப் பற்றிப் பேசுவதை அன்றோடு நிறுத்திவிட்டேன். உயரத்தில் பறப்பவரை ஏற்கெனவே பத்து நிலையங்கள் கேட்கின்றன. தரையிறங்குவதற்காகத் தாழ வட்டமிடுபவரை, சரிவின் நிழலில் தடுமாறுபவரை ஒன்றும் கேட்பதில்லை.

ஆகவே இரண்டாவது நிலையத்துக்கு அடிவாரத்தில் இடம் தேடினேன். ஒரு விவசாயி தன் வைக்கோல் கொட்டகையின் உச்சியைக் காட்டி, "மின்சாரம் எவ்வளவு தின்னும், சொல்லுங்கள்" என்று கேட்டார். ஐந்து வாட் என்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 44 யூனிட் என்றும் சொன்னேன். தன் ஆட்டு வேலி அதைவிட அதிகம் தின்னும் என்று சொல்லி ஏணியை எடுத்து வந்தார்.

கேட்பதோடு நிற்காமல் திருப்பிச் சொல்லும் நிலையங்களும் உண்டு. பிரிட்டனில் பைலட்அவேர் என்னும் வேறொரு மோதல் எச்சரிக்கைக் கருவியின் பயனர்கள் அமைத்த தரை நிலையங்கள் ஃபிளார்ம் செய்திகளைக் கேட்டு, அதைப் புரிந்துகொள்ள முடியாத விமானங்களுக்குத் தங்கள் மொழியில் மறுஒலிபரப்புச் செய்கின்றன. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையும் 2022 இறுதியில் விமானங்கள் தங்கள் இருப்பிடத்தை அறிவிப்பதற்கு ஏடிஎஸ்-எல் என்ற திறந்த வடிவத்தை வெளியிட்டது. அதன் ஒரு வகை இதே 860 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்குவதால், எங்கள் ஆன்டெனாக்களை மாற்றவேண்டிய அவசியமில்லை.

செல்பேசிச் செயலியில் வரும் வரைபடத்தைப் பற்றி மட்டும் விமானிகளிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசுகிறேன். மணிக்கு 200 கிலோமீட்டர் விமானமும் 100 கிலோமீட்டர் கிளைடரும் நேருக்கு நேர் வந்தால், இணையம் ஐந்து நொடி தாமதிப்பதற்குள் இடைவெளி நானூறு மீட்டர் குறைந்திருக்கும். எந்தப் பக்கம் தலையைத் திருப்பித் தேட வேண்டும் என்பதற்கு அந்த வரைபடம் உதவும்; விலகிச் செல்லும் முடிவைக் கண்ணால் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இப்போது நிலையம் தன் நலச் செய்தியை அனுப்பாமல் கால் மணி நேரம் கடந்தால் எனக்கு மின்னஞ்சல் வருகிறது. காப்பி இயந்திரத்துக்குத் தனியாக ஒரு பிளக் பாயிண்ட் போட்டாயிற்று. ஜூன் மாதத்தில் ஒரு நாள், அடிவாரக் கொட்டகை நிலையம் மட்டுமே கேட்ட கிளைடர் ஒன்று தரையிலிருந்து தொண்ணூறு மீட்டரில் ஒருமுறை திரும்பி, புல் வெட்டிய வயல் ஒன்றில் நின்று, வேகம் பூஜ்யம் என்று காட்டியது. அந்த வயலின் இடக்குறிப்பை எழுதிக்கொண்டு சங்கத் தொலைபேசியை எடுக்கப் போனேன். அதற்குள் அந்த விமானியே அழைத்து, கிளைடரை ஏற்றிச் செல்ல டிரெய்லரைக் கொண்டு வரும்படியும், வரும் வழியில் ஏதாவது சாப்பிட வாங்கி வரும்படியும் சொல்லிவிட்டிருந்தார்.