மூடுல் வகுப்பில் இரண்டு தேதிகள்

எங்கள் கல்லூரி ஆசிரியர்களுக்கு, இணையவழியில் பாடம் நடத்த உதவும் மூடுல் மென்பொருளைச் சொல்லிக்கொடுக்கும்போது, பிடிஎஃப் ஏற்றுவதை நான் வேகமாகத் தாண்டிவிடுவேன். அது தானாகவே வந்துவிடும். சிக்கல் அசைன்மென்ட் அமைப்பில்தான். அதில் ‘டியூ டேட்’, ‘கட்-ஆஃப் டேட்’ என்று இரண்டு தேதிகள். முதல் தேதி தாண்டினாலும் மாணவர் சமர்ப்பிக்கலாம். தாமதம் என்று காட்டும், அவ்வளவுதான். கதவைச் சாத்துவது இரண்டாவது தேதி.

"அதான் பசங்க நிதானமா அனுப்புறாங்களா சார்?" என்றார் வேதியியல் மேடம்.

அப்புறம், மாணவராக மாறிப் பக்கத்தைப் பார்க்கும் வசதி. மறைத்து வைத்த பாடம் அங்கே தெரியாது என்றதும் பலருக்கு நிம்மதி. 2002இல் மார்ட்டின் டூகியாமஸ் வெளியிட்ட இலவச மென்பொருள் என்ற வரலாற்றை ஒரு வரியில் முடித்துவிடுவேன். அதை யாரும் கேட்பதில்லை. வினா வங்கியை முதல் நாளில் தொடவே மாட்டேன். அதற்குத் தனியாக ஒரு மதியம் வேண்டும், டீயோடு.